ரேடியோ பட்டன்: 'இல்லை' வேறு, 'சொல்லவில்லை' வேறு

ஞாயிற்றுக்கிழமை காலை கிரிக்கெட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க, ஸ்பிரிங் பூட்டும் (ஜாவாவில் இணையதளம் செய்ய உதவும் கருவி) தைம்லீஃபும் (அதற்குப் பக்கங்களை உருவாக்கித் தருவது) வைத்து ஒரு சின்ன இணையப் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பெயர் எழுதும் பெட்டி போன வாரமே முடிந்தது. இந்த வாரம் ரேடியோ பட்டன், அதாவது பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்வு செய்யும் வட்டப் பொத்தான். 'வருவேன்', 'வர முடியாது' என்று இரண்டே இரண்டுதான். ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன், மூன்று ராத்திரி ஓடிவிட்டது.

முதல் ராத்திரி வெறும் எச்டிஎம்எல் எழுதினேன். 'வர முடியாது' பட்டனுக்கு வேல்யூ (தேர்வு செய்தால் அனுப்ப வேண்டிய மதிப்பு) கொடுக்க மறந்துவிட்டேன். வேல்யூ இல்லாவிட்டால் பிரவுசர் 'ஆன்' என்ற சொல்லை அனுப்பிவிடும். ஸ்பிரிங்கோ அதைப் பூலியனுக்கு ('ட்ரூ', 'ஃபால்ஸ்', அதாவது ஆம், இல்லை என்று பதில் வைக்கும் வகை) மாற்றும்போது 'ஆன்' என்பதை 'ட்ரூ' என்றே எடுத்துக்கொள்கிறது. ஆக, வர முடியாது என்று சொன்னவர் வருகிறவர் பட்டியலில் ஏறிவிட்டார்! பிழைச் செய்தி எதுவும் வராததால் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆனது. பட்டனை ஜாவா மாறியோடு இணைக்கும் தைம்லீஃபின் ஃபீல்ட் அட்ரிப்யூட்டுக்கு (th:field) மாறினேன். அதில் வேல்யூ விட்டுப்போனால் பக்கமே திறக்காது, உடனே பிழை காட்டிவிடும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்தது இதைவிட நுணுக்கம். தம்பியிடம் போனைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். பெயரை மட்டும் எழுதி அனுப்பினான். பட்டியலில் பார்த்தால் 'வர முடியாது'. "நான் எப்பண்ணா அப்படிச் சொன்னேன்?" என்றான். அவன் கேட்டது நியாயம். பதிலை வைக்கும் ஜாவா கிளாஸில் நான் சின்ன பி போட்ட பூலியன் (boolean) வைத்திருந்தேன். அது பிறக்கும்போதே 'ஃபால்ஸ்'. அதனால் பக்கம் திறந்த உடனே 'வர முடியாது' பட்டன் தானாகவே தேர்வாகி நின்றிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

காலியாகவும் இருக்கக்கூடிய, பெரிய பி போட்ட பூலியனாக (Boolean) மாற்றினேன். இப்போது இரண்டு பட்டனும் காலியாகத் திறக்கின்றன. எதையும் தொடாமல் அனுப்பினால், அந்தப் பெயரில் எதுவுமே சர்வருக்குப் போவதில்லை, மதிப்பு 'நல்' (null, அதாவது எதுவும் இல்லை) ஆகவே இருக்கிறது. (செக்பாக்ஸ், அதாவது டிக் போடும் கட்டம் என்றால், தைம்லீஃப் கூடவே ஒரு மறைவான ஃபீல்டைச் சேர்க்கும். ரேடியோவுக்குச் சேர்ப்பதில்லை.) 'நாட் நல்' (@NotNull, காலியாக விடக் கூடாது என்ற விதி) போட்டுக் கட்டாயமாக்கிவிடலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை முடிவு செய்யாதவர்கள் எங்கள் குழுவில் எப்போதும் உண்டு. அவர்களுக்குப் பட்டியலில் 'இன்னும் சொல்லவில்லை' என்று வரும்.

அடுத்து, அணியில் யார் என்ன என்று கேட்கும் ரேடியோ பட்டன்கள். மட்டையாளர், பந்துவீச்சாளர், கீப்பர் என்ற மூன்றுக்கும் ஈனம் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகளின் பட்டியல்) எழுதினேன். ஜாவாவில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் அப்படியே வைத்தேன். பக்கத்திலிருந்து வரும் சொல்லை ஸ்பிரிங் அழகாக ஈனமாக மாற்றிக் கொடுத்துவிட்டது. இதற்கு மட்டும் 'நாட் நல்' உண்டு. அனுப்பியதைப் பெறும் ஜாவா மெத்தடில், பிழைகளைத் தாங்கி வரும் பைண்டிங் ரிசல்ட்டை, நிரப்பிய பதில்கள் வந்து சேரும் ஃபார்ம் ஆப்ஜெக்ட்டுக்கு அடுத்தே வைக்க வேண்டும். நடுவில் மாடலை (பக்கத்துக்குத் தரவு கொண்டுபோவது) நுழைத்ததால், பிழைச் செய்திக்குப் பதில் 400 பக்கம்தான் (கோரிக்கை தவறு என்று சொல்லும் பிழைப் பக்கம்) வந்தது. இடம் மாற்றியதும் சரியானது.

அடுத்த வாரம், சொன்ன பதிலைத் திருத்தும் பக்கம்.