சரிவில் அடிக்கும் அயன் ஏன் இடப்பக்கம் போகிறது?

நுவரெலியா கோல்ஃப் திடலுக்குக் கொழும்பிலிருந்து வரும் நண்பர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே நேராகப் போன அயன் (இரும்புத் தலையுள்ள கோல்ஃப் மட்டை) அடி இங்கே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. உடனே கைப்பிடியை மாற்றுவார்கள், பிறகு தோளைத் திருப்பிப் பார்ப்பார்கள். சில குழிகள் கடப்பதற்குள் இருந்த வீச்சும் கெட்டுவிடும். மலையில் அயன் திசைமாறினால் கையைச் சந்தேகிக்குமுன் காலின் கீழுள்ள நிலத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. (இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு.)

மட்டை வீசப்படும் பாதையிலேயே பந்து கிளம்புகிறது என்றுதான் பயிற்சியாளர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தின் பறப்பை அளக்கும் ரேடார் கருவிகள் வந்தபின் அது சரியல்ல என்பது தெளிவாயிற்று. பந்தில் படும் கணத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தைத் தொடும் தட்டையான பக்கம், எங்கே பார்க்கிறதோ அதுவே கிளம்பும் திசையைப் பெரிதும் தீர்மானிக்கிறது; அயன்களில் அதன் பங்கு ஏறக்குறைய முக்கால்வாசி. கிளம்பியபின் பந்து வளைவதற்குக் காரணம், முகத்தின் திசைக்கும் பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசம். ஆகவே இடப்பக்கம் கிளம்பி வளையாமல் போகும் பந்தும், நேராகக் கிளம்பி இடப்பக்கம் வளையும் பந்தும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றதைக் கூட்டிவிடும்.

1889இல் பிரித்தானியத் துரைமார் காலத்தில் தொடங்கிய இந்தத் திடலில் மட்டமான நிலம் எளிதில் கிடைப்பதில்லை. பந்து பாதத்தைவிட உயரமான இடத்தில் இருக்கும்போது மட்டைத்தலையின் நுனி (ஆட்டக்காரரிடமிருந்து தூரமான முனை) மேலெழுகிறது. முகம் பின்னோக்கிச் சாய்வானது என்பதால் அது அப்போதே இடப்பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. 34 பாகை சாய்வுள்ள 7ஆம் இலக்க அயனை 10 பாகைச் சரிவில் படிய வைத்தால், முகம் 6 முதல் 7 பாகை வரை இடப்பக்கம் திரும்பியிருக்கும். 150 யார் (yard) தூரத்தில் ஒரு பாகைக்கு இரண்டரை யார் என்று கணக்கிட்டால், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற குறும்புல் தரையைத் தவறவிட அது தாராளமாகப் போதும். முகச்சாய்வு கூடிய வெட்ஜ் என்ற குட்டை மட்டையில் இந்தத் திருப்பம் இன்னும் அதிகம். நீளமான அயன்களில் குறைவு.

மட்டைப்பை சுமக்கும் பழகிய கேடிமார் இந்தக் கணக்கைப் போடாமலே விடையைச் சொல்லிவிடுவார்கள். "பந்து மேல இருக்கு சேர், கொடியப் பாக்காதீங்க, வலது பக்கத்து மரத்தப் பாத்து அடிங்க" என்பார் ஒருவர். சொல்லும்போதே சப்பாத்தின் குதியால் புல்லை மிதித்துச் சரிவின் அளவைப் பார்த்துக்கொள்வார். அதோடு கைப்பிடியைச் சற்றுக் கீழே பிடித்து, ஒரு இலக்கம் நீளமான அயனை எடுத்து, முக்கால் வீச்சில் அடித்தால் போதும். பந்து பாதத்துக்குக் கீழே இருந்தால் எல்லாம் தலைகீழ்: முழங்காலை மடித்து, அடித்து முடியும்வரை அந்த உயரத்தைக் காத்து, இடப்பக்கம் குறிவைக்க வேண்டும்.

உயரத்துக்கும் இதில் பங்குண்டு. 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் பந்து அதிக தூரம் போகும், குறைவாக வளையும். கொழும்பில் கடைசி நேரத்தில் வளைந்து இலக்குக்குத் திரும்பும் பந்து இங்கே முழுமையாகத் திரும்பாது.

மட்டமான நிலத்திலும் தொடர்ந்து இடப்பக்கமே போனால் மட்டையைச் சோதிக்கலாம். பந்தின் பின்புறத்தில் அழியக்கூடிய மார்க்கரால் செங்குத்தாகத் தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு முகத்தில் படும்படி அடித்தால், மை அங்கே பதியும். கோட்டின் மேல்முனை மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால், அடிக்கும் கணத்தில் நுனி தூக்கி நிற்கிறது என்று பொருள். உயரமானவர்களுக்கென்று செய்த பழைய செட்டை வாங்கி ஆடும் குள்ளமானவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். அடித்து உருவாக்கிய அயனின் கழுத்தை அதற்கான கருவியில் வைத்து ஓரிரு பாகை வளைத்துச் சரிசெய்யலாம். வார்ப்பு அயன் முறிந்துபோகலாம் என்பதால், உங்களுடையது வார்ப்பு அயன் என்றால் வளைப்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.