களமும் செபமும்: ஏற்காட்டுத் திருவருகைக்கால நாட்குறிப்பு

1 டிசம்பர் 2024, ஞாயிறு

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் இன்று தொடங்குகிறது. நற்செய்தி வாசகம் லூக்கா 21: கடலும் அலையும் முழங்க, மக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கலங்குவார்கள் என்று இயேசு சொல்லும் பகுதி. நேற்று இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. மழை இங்கே மலைக்கும் வந்துவிட்டது. வாசகம் முடிகிற இடத்தைத்தான் இன்று பிடித்துக்கொள்ள வேண்டும்: எப்போதும் விழிப்பாயிருந்து மன்றாடுங்கள்.

அந்த "எப்போதும்" பலரை மலைக்க வைக்கிறது. விடியற்காலை எழுந்து சமைத்துவிட்டு எஸ்டேட்டுக்குக் காபிப் பழம் பறிக்கப் போகிறவர், சேலத்தில் நாள் முழுக்கத் தறியில் உட்காருகிறவர், இவர்கள் எப்போது மன்றாடுவது? செப நேரத்தை நீட்டுவது இதற்கு வழி ஆகாது. திருச்சபையில் நெடுங்காலமாக இருக்கும் வழி, ஒரு சிறு செபத்தைக் கையின் ஒரு வேலையோடு கட்டிவிடுவது. பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் இப்படித்தான் வாழ்ந்தார். 1640இல் மடத்தில் சேர்ந்து 1691இல் இறந்தவர். சட்டிப் பானை நடுவிலும் ஆண்டவரோடு பேசும் பழக்கம் அவருக்கு ஒரே மாதத்தில் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அது அவரிடம் படிந்தது.

செய்முறை இது. முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அது ஒரு நாளில் ஐந்து முதல் பத்து முறை வர வேண்டும், கையால் தொடங்க வேண்டும், யோசிக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். அடுப்பு பற்றவைப்பது, கதவுத் தாழ்ப்பாளை நீக்குவது, நிரம்பிய பையைச் சாக்கில் கொட்டுவது, தறியில் தார் (நூல் சுற்றிய குழல்) தீர்ந்து வேறு தார் போடுவது, இவை நன்றாக ஒத்துவரும். போன் எடுப்பது ஒத்துவராது. மணி அடித்த உடனே மனம் எதிர்முனைக்குப் போய்விடுகிறது. அடுத்து ஒரு மூச்சில் அடங்கும் வாக்கியம். எரிகோவில் வழியோரம் இருந்த பார்வையற்ற பார்த்திமேயு கூப்பிட்டது போதும்: "இயேசுவே, தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்." முதல் பாதிக்கு மூச்சை இழுத்து, மறுபாதிக்கு விடலாம்.

இரண்டு வாரம் வேலையையும் வாக்கியத்தையும் மாற்றக் கூடாது. பெரும்பாலும் கெட்டுப்போவது எங்கே என்றால், முதல் நாள் ஆர்வத்தில் ஐந்தாறு வேலைகளோடு கட்டிக்கொள்வதில்தான். இரண்டொரு நாளில் எல்லாமே உதிர்ந்துவிடும். இன்னொன்று, எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணத் தொடங்குவது. எண்ணிக்கை வந்ததும் கண் ஆண்டவரை விட்டு நம்மேல் திரும்பிவிடுகிறது. மறந்துபோனால் வருத்தப்பட்டு நிற்காமல், நினைவு வந்த அந்த நொடியிலேயே ஒரு முறை சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

3 டிசம்பர், செவ்வாய்

புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழா. 1542இல் தென் தமிழகக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தவர், அடிப்படைச் செபங்களைத் தமிழில் எழுத வைத்து, மனப்பாடம் செய்து, கையில் மணி அடித்தபடி தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மனப்பாடச் செபத்தைத் தாழ்வாக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மனம் கலங்கிக் கிடக்கும் நாளில் சொந்த வார்த்தை வராது. படிந்துபோன வார்த்தைதான் வாயில் வரும்.

அப்படிப்பட்ட நாட்கள்தான் இவை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது. செடியில் பழுத்து நிற்கும் காபிப் பழம் தொடர்மழையில் வெடித்து உதிரும். பறித்து வைத்தது காய வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். பறிக்கப் போக முடியாதவருக்கு அன்றைய கூலி இல்லை. இந்த நேரத்தில் "எல்லாம் நன்மைக்கே" என்று வாயால் சொல்லி உள்ளே குமுறுவது செபம் ஆகாது. திருப்பாடல் 13 "இன்னும் எத்தனை நாள், ஆண்டவரே?" என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. ஆறே வசனம். அதன் வரிசையை அப்படியே பின்பற்றலாம்: முறையீடு, பிறகு ஒரு குறிப்பான விண்ணப்பம், கடைசியில் நம்பிக்கை. விண்ணப்பத்தில் பொதுவாகப் பேசாதீர்கள். "மழை நிற்கட்டும்", "வெள்ளிக்கிழமைக்குள் கூலி கைக்கு வரட்டும்", "பாதை திறக்கட்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நம்பிக்கை வரி வாயில் வரவில்லையென்றால் முறையீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். திருப்பாடல் 88 இருளில்தான் முடிகிறது. அதுவும் திருவிவிலியத்தில் இருக்கிறது.

5 டிசம்பர், வியாழன்

இரவு ஆத்தும சோதனை, அதாவது நாளைத் திரும்பிப் பார்த்து மனதை ஆராய்வது. பாவசங்கீர்த்தனத்துக்கு (பாவ அறிக்கைக்கு) முன் செய்வது என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதை நாள்தோறும், மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் செய்யச் சொன்னார். அவருடைய ஆன்மிகப் பயிற்சி முறைக்கு 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு ஒரு வேளை, பதினைந்து நிமிடம் போதும்.

படுக்கையில் செய்யாதீர்கள், தூங்கிவிடுவீர்கள். ஒரு முக்காலியோ திண்ணையோ, தினமும் அதே இடம். முதல் மூன்று நிமிடம் நன்றி: இன்றைக்கு மட்டும் கிடைத்தவை, அதிலும் சின்னவை. சுடுசோறு, பக்கத்து வரிசைக்காரி பிடித்துக்கொடுத்த சாக்கு. அடுத்து ஒரு நிமிடம் தூய ஆவியாரிடம் ஒளி கேட்பது. இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டினால் அடுத்துப் பார்ப்பதெல்லாம் நம் கண்ணால் பார்த்ததாகிவிடும். பிறகு ஏழு நிமிடம், விடிந்தது முதல் நாளைத் திரும்பிப் பார்ப்பது. மணி வாரியாக யோசித்தால் நினைவு வராது. இடம் இடமாகப் போங்கள்: எஸ்டேட் லைன் வீடு, குழாயடி, காபி வரிசை, எடை போடும் இடம், திரும்பும் வழி. ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இங்கே ஆண்டவர் என்னைத் தொட்டது எதில், நான் முகம் திருப்பியது எதில்? மீதி நிமிடங்களில் மன்னிப்பும், நாளைக்கு ஒரு சின்னத் தீர்மானமும். "பொறுமையாக இருப்பேன்" என்பது தீர்மானம் இல்லை. "மாமியார் மருந்து கேட்டால் முதல் தடவையிலேயே எழுந்து போவேன்" என்பதுதான் தீர்மானம்.

பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கிய யாக்கோபு, விழித்த பிறகுதான் ஆண்டவர் இந்த இடத்தில் இருக்கிறார், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். பெரும்பாலான நாட்களில் நமக்கும் அப்படித்தான். அந்தந்த நேரத்தில் எதுவும் உணராதது குறை இல்லை. திரும்பிப் பார்க்காமல் போவதுதான் குறை.

இரண்டு விதமாக இது கெடும். ஒன்று, பிறர் குற்றப் பட்டியலாக மாறுவது. மேஸ்திரி இப்படிச் சொன்னார், நாத்தனார் அப்படிப் பார்த்தாள் என்று ஓடினால் நிறுத்தி, நன்றிக்குத் திரும்புங்கள். இன்னொன்று, சின்னத் தவறுக்கெல்லாம் நடுங்குகிற மனம். அப்படிப்பட்டவர்கள் கொஞ்ச காலம் நன்றி மட்டும் செய்துவிட்டு, பங்குத் தந்தையிடம் பேசுவது நல்லது.

7 டிசம்பர், சனி

ஒரு சின்னக் குறிப்பு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகளான மறையுண்மைகளும் 20தான், 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்த பிறகு. பேருந்தில் வருகிறவர்கள் வளைவுப் பலகைக்கு ஒன்றாக நினைத்துக்கொள்ளலாம். வளைவுக்கு வளைவு தூரம் ஒன்றுபோல் இருக்காது, ஆகையால் செபமாலையின் பத்து மணிகளையும் சொல்ல நினைக்காமல் ஒரே ஒரு அருள்நிறை மரியே போதும். வயிறு புரட்டுகிறவர்கள் கண்ணை மூடாமல் எதிரே பாதையைப் பார்த்துச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர் இதைச் செய்ய வேண்டாம். பின்னால் இருக்கும் உயிர்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதே அவர் ஆண்டவர்முன் செய்யும் வேலை.

10 டிசம்பர், செவ்வாய்

வெயில் வரும்போது காபி காயவைக்கும் களத்து வேலை எப்படிச் செபத்துக்கு இடம் கொடுக்கிறது என்று எழுத வேண்டும். பல்பர் இயந்திரத்தில் தோல் நீக்கிப் புளிக்க வைத்துக் கழுவிய காபியை நாலைந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவார்கள். மணிக்கு ஒரு முறை கிண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே காய்ந்து அடியில் ஈரம் நிற்கும். நல்ல வெயிலில் ஏழு முதல் பத்து நாள். மாலையில் பனி இறங்குமுன் குவித்து மூட வேண்டும்.

இந்த மணிக் கணக்கைச் செப நேரத்தோடு சேர்த்துவிடலாம். திருச்சபை பழங்காலம் முதல் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3 ஆகிய வேளைகளில் மன்றாடி வருகிறது. 9 மணிக்குத்தான் பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் இறங்கினார் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. அந்த வேளையில் "தூய ஆவியே, வாரும்." 12க்கு, வானதூதர் மரியாவுக்குச் சொன்ன செய்தியை நினைக்கும் மூவேளைச் செபம். ஆலய மணி எட்டாத இடத்தில் போனில் மணி வைத்துக்கொள்ளலாம். 3 மணி இயேசு சிலுவையில் உயிர் துறந்த வேளை. கிண்டும் பலகையைச் சாய்த்து வைத்து, சிலுவை அடையாளம் வரைந்து, நோயாளிகளையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் நினைத்து, இயேசு கற்பித்த பரலோக மந்திரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். மற்ற மணிகளில் வெறுமனே கிண்டுங்கள். எல்லா மணியிலும் செபம் திணித்தால் வேலையும் செபமும் சேர்ந்து வெறுத்துப்போகும்.

14 டிசம்பர், சனி

ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி சிலுவை அருளப்பரின் நினைவு நாள். 1591இல் இதே நாளில் இறந்தார். 1577, 78இல் ஏறத்தாழ ஒன்பது மாதம் டொலேடோவில் சொந்தச் சபையினராலேயே அடைத்து வைக்கப்பட்டவர். செபத்தில் வறட்சி வரும்போது இவரைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள். பறிப்புக் காலத்தில் வரும் வறட்சியில் பாதி, தூக்கம் இல்லாததால் வருவது. சாகவேண்டும் என்று சூரைச் செடியின் கீழ் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்; அவர் தின்றுவிட்டுத் திரும்பவும் தூங்கினார். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் வறட்சி நீடித்தால் அருளப்பர் சொல்லும் மூன்று அடையாளங்களைப் பாருங்கள். கடவுள் காரியத்தில் சுவை இல்லை, ஆனால் உலகக் காரியத்திலும் சுவை இல்லை. ஆண்டவருக்கு ஒழுங்காகப் பணி செய்யவில்லையோ என்ற கவலை அரிக்கிறது. முன்போல் யோசித்துத் தியானிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் இது கைவிடப்பட்ட நிலை இல்லை. வேறு விதமான செபத்துக்கு அழைக்கப்படுகிறீர்கள். நேரத்தை நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதே இடத்தில், அதே பதினைந்து நிமிடம், வார்த்தை தேடாமல் ஆண்டவர்முன் உட்காருங்கள்.

செபத்தில் மட்டும் சுவை இல்லை, டிவியிலும் அரட்டையிலும் நன்றாகச் சுவை இருக்கிறது என்றால் அது வெறும் மந்தம். பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் போதும். வாரக்கணக்கில் பசியில்லாமல், தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு நோய் வேறு, ஆன்ம வறட்சி வேறு என்பதை அருளப்பரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

15 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறு, ரோஜா நிற மெழுகுதிரி. இன்றைய நற்செய்தியில் மக்கள் திருமுழுக்கு யோவானிடம் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். வரி வசூலிப்பவருக்கு, விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரருக்கு, மிரட்டிப் பணம் பறிக்காதே, உன் கூலி போதும் என்றிரு. வேலையை விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்கு வா என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை.

ஆகவே எஸ்டேட்டில் கடவுள் பிரசன்னத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் தராசு. மழை நனைத்த சாக்கின் எடை கூடியிருக்கும். சாக்குக்காகக் கழிக்கும் எடை, அதாவது கழிவு, எவ்வளவு என்பது எடை போடுகிறவர் வாயில் இருக்கிறது. எடை போடுகிறவர் விசுவாசியாக இருந்தால் செய்ய வேண்டியவை: தொடங்குமுன் தராசு பூஜ்யத்தில் நிற்பதைப் பறித்தவர்களுக்குக் காட்டுவது. நனைந்த வெறும் சாக்கு ஒன்றை எல்லார் முன்னாலும் எடை போட்டு, அதையே கழிவாக எடுப்பது. எண்ணை உரக்கச் சொல்லி, அடுத்த சாக்கு ஏறுமுன் எழுதுவது. பறிப்பவர் பக்கமும் ஒரு கடமை உண்டு: எடைக்காகப் பச்சைக் காயை உருவிப் போடாமல் இருப்பது. காயும் பழமும் கலந்தால் பல்பரில் காய் நசுங்கும், முழுத் தொட்டியின் தரமும் கெடும். காலையில் எவ்வளவு உருக்கமாகச் செபித்திருந்தாலும் மாலையில் தராசு பொய் சொன்னால் அந்தச் செபத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

17 டிசம்பர், செவ்வாய்

இன்று முதல் 23 வரை மாலைச் செபத்தில் மெசியாவுக்கு நாளுக்கு ஒரு பெயர்: ஞானம், இஸ்ரயேலின் தலைவர், ஈசாயின் தளிர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். ஒவ்வொன்றும் "வாரும்" என்று முடியும். முதல் தேதி தொடங்கிய சிறு செபத்தை இந்த ஏழு நாளும் இதற்கு மாற்றிக்கொள்ளலாம். வேலை அதே, வார்த்தை மட்டும் வேறு. கிறிஸ்துமஸ் சாமான் வாங்கச் சேலம் இறங்குகிறவர்கள் நான்கு ரோட்டுப் பக்கம் குழந்தை இயேசு பேராலயத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்றைய பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம். திரும்பும்போது கை நிறையப் பை இருக்கும், மனம் நிற்காது.

22 டிசம்பர், ஞாயிறு

மரியா எழுந்து மலைநாட்டுக்கு விரைந்து போன வாசகம். வயிற்றில் ஆண்டவரைச் சுமந்துகொண்டு போனவர் எலிசபெத்து வீட்டில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். முதிர்ந்த வயதில் பிள்ளை பெறப் போகும் வீட்டில் மூன்று மாதம் என்றால் அதில் தண்ணீர் எடுப்பதும் அடுப்படி வேலையும் இல்லாமல் இருந்திருக்காது.

இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போங்கள். கேக் கொடுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கு இல்லை. பறிப்புக்கு வர முடியாமல் படுத்திருக்கும் பாட்டி, மழையில் ஓடு சரிந்த குடும்பம், கணவரை இழந்த பின் முதல் கிறிஸ்துமஸைப் பார்க்கும் அக்கா. முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள், சாப்பாட்டு நேரத்தைத் தவிருங்கள். அரை மணி நேரம் இருங்கள். உள்ளே நுழைந்ததும் செபம் தொடங்காதீர்கள். முதல் இருபது நிமிடம் அவர்கள் பேசட்டும், இடையில் உங்கள் வீட்டுக் கதையைக் கொண்டுவராதீர்கள். கண்ணில் படும் ஒரு வேலையைக் கேட்டுச் செய்யுங்கள்: தண்ணீர்க் குடம் நிரப்புவது, மாத்திரையைக் காலை, இரவு என்று பிரித்து வைப்பது. கிளம்பும்போது செபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் அவர்கள் சற்றுமுன் சொன்ன கவலையை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்து நாலு வரி சொல்லி, சேர்ந்து ஒரு பரலோக மந்திரம். புத்தி சொல்வதைச் செபத்துக்குள் நுழைக்காதீர்கள். கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லிவிட்டு எழுங்கள். கிறிஸ்துமஸ் முடிந்து யாரும் எட்டிப் பார்க்காத ஜனவரி மாதத்தில் ஒரு தேதியாக அது இருக்கட்டும்.