சுஷூலில் இருபது அடி

பாங்காங் ஏரியைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஏரிக்கரையோடு மான், மேராக் கிராமங்களைத் தாண்டி இன்னும் போனால் சுஷூல் வரும். நான் லடாக் போனதே அதற்காகத்தான்.

1962 இந்திய-சீனப் போரின் நினைவிடத்தில் இறங்கி இருபது அடி நடந்திருப்பேன், மூச்சு வாங்கியது. அந்தச் சமவெளியே 14,000 அடிக்கு மேல். தென்கிழக்கே நீளும் மலைத்தொடரில் இருக்கும் ரெசாங் லா கணவாய் 16,000 அடி. கையுறையைக் கழற்றிக் கல்லில் பொறித்த பெயர்களைத் தடவினேன். கொஞ்ச நேரத்திலேயே விரல் மரத்துப்போனது. இது செப்டம்பர், நல்ல வெயில் வேறு.

அந்தப் பெயர்களுக்குரிய வீரர்கள் ரெசாங் லாவில் சீனப் படையோடு சண்டை போட்டது 1962 நவம்பர் 18, விடிவதற்கு முன். 13 குமாவோன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி, சுமார் 120 பேர். பெரும்பாலும் ஹரியானா பக்கத்து அஹீர் இளைஞர்கள், சமவெளியில் வளர்ந்தவர்கள். கையில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துவிட வேண்டிய .303 துப்பாக்கி. இந்த விரல்களோடு அதை எப்படி இழுத்தார்கள்? நம் பீரங்கிகள் இருந்தும், நடுவில் முகடு மறித்ததால் அவர்களுக்கு உதவ முடியவில்லை.

தலைமை தாங்கியவர் மேஜர் ஷைத்தான் சிங், ஜோத்பூர் பக்கத்துப் பாலைவனத்துக்காரர், வயது 37. முதல் தாக்குதல்களை முறியடித்துவிட்டார்கள். அப்புறம் சீனர்கள் பீரங்கியால் அடித்து, பின்பக்கமாகவும் ஏறி வந்தார்கள். கம்பெனியின் சிறு பிரிவுகளான பிளட்டூன்கள் முகடு நெடுகத் தள்ளித் தள்ளி இருந்தன. மேஜர் ஓரிடத்தில் பதுங்கி உத்தரவு போடவில்லை. குண்டு மழையில், மறைவே இல்லாத அந்த முகட்டில், ஒரு பிளட்டூனிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்க்கொண்டே இருந்தார். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது அந்த நடைதான். சாகப்போகிறோம் என்று தெரிந்த நேரத்தில், தங்கள் மேஜர் பக்கத்தில் வந்து நிற்பதை அந்தப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள்.

படுகாயப்பட்ட அவரைத் தூக்கிச் சென்ற வீரர்களிடம், தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு பாறை மறைவில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். 1963 பிப்ரவரியில்தான் உடல் கிடைத்தது. உயிர்நீத்தவர்கள் 110 பேருக்கும் மேல். பலர் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்திருந்தார்களாம். மேஜருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

கையுறையை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் ஒரு வணக்கம் வைத்தேன். வண்டிக்குத் திரும்பும் இருபது அடியையும் நின்று நின்றுதான் நடக்க முடிந்தது.