கேஸ் ஸ்டடி தாள்: 38-லிருந்து 71-க்கு

போன வாரம் முடிவு வந்தது. தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ., மனிதவளப் பிரிவு, கடைசியாக நின்றிருந்த கேஸ் ஸ்டடி தாளில் (ஒரு கம்பெனியின் கதையைக் கொடுத்து, பிரச்சினை என்ன, தீர்வு என்ன என்று கேட்கும் தாள்) 71. போன முறை இதே தாளில் 38. மற்ற தாள்கள் எல்லாம் முதல் முறையே தேறிவிட்டன. இந்த ஒன்றுக்காக ஒரு வருடம் காத்திருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடமாக ஹெச்.ஆர். பிரிவில்தான் இருக்கிறேன். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, ராஜினாமா கொடுத்தவரை உட்காரவைத்துப் பேசுவது, அப்ரைசல் சமயத்துச் சண்டைகள், எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதனால் இந்தத் தாளுக்கென்று தனியாகப் படிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். அந்த அனுபவம்தான் என்னைக் கவிழ்த்தது. கேஸை ஒரு பக்கம் படித்ததுமே ‘இது நம் ஆபீசில் நடந்ததுதானே’ என்று தோன்றிவிடும். அதற்குப் பிறகு தாளில் இருக்கும் கம்பெனியை விட்டுவிட்டு என் கம்பெனிக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த முதல் தேர்வின் கேஸை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு கிடங்கு. பேக்கிங் பிரிவில் 60 பேர், 14 மாதத்தில் 22 பேர் வேலையை விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே போட்டி நிறுவனம் ஒன்று கூடுதல் சம்பளத்தோடு ஆள் எடுக்கிறது. மேனேஜர் ‘சம்பளம்தான் பிரச்சினை’ என்கிறார். நான் நாலு பக்கம் எழுதினேன்: சம்பளத்தை உயர்த்தலாம், பயிற்சி கொடுக்கலாம், ஆலோசனை வழங்கலாம், பாராட்டு விருது கொடுக்கலாம். தோற்ற பிறகு பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கத்தின் ஓரத்திலும் வெறும் கேள்விக்குறிகள். என் ஒவ்வொரு தீர்வுக்கும் பக்கத்தில் ஒன்று.

வீட்டில் உட்கார்ந்து கேள்வித்தாளை மறுபடி படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மார்ச்சில் இரவு ஷிப்ட் சுழற்சியை மாற்றியிருக்கிறார்கள். அது மூன்றாம் பத்தியில் இருக்கிறது. அதே மாதம் இரவு வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அது ஏழாம் பத்தியில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே ஒரு வரி. மே மாதம் ராஜினாமாக்கள் தொடங்குகின்றன. அது கடைசி அட்டவணையில். போட்டி நிறுவனம் திறந்தது செப்டம்பரில். அதற்குள் 13 பேர் போய்விட்டார்கள். இல்லாத கம்பெனி கொடுக்கும் சம்பளத்துக்காக மே மாதம் யார் வேலையை விடுவார்கள்? விடை முழுவதும் தாளிலேயே இருந்தது. தேதி வரிசையில் இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் செய்தது ஒரே ஒரு வேலை. அதற்கு நானே ‘தேதிக்கோடு’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். கேஸைப் படித்ததும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நிர்வாகம் செய்தது, கீழே ஊழியர்கள் செய்தது, ஒவ்வொன்றுக்கும் தேதி அல்லது மாதம். தேதி சொல்லாத சம்பவங்களைத் தனியாக ஒரு மூலையில் எழுதிவையுங்கள். அவற்றைக் காரணமாக எழுதக் கூடாது. ஒரு கேஸுக்கு 12 நிமிடம் போகும். போகட்டும். பக்கத்தில் இருப்பவர் கூடுதல் தாள் வாங்கும்போது நீங்கள் கோடு போட்டுக்கொண்டிருப்பீர்கள். பதற வேண்டாம். மற்ற எந்த அறிவுரையை விட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடாதீர்கள்.

கோடு போட்டு முடித்த பிறகுதான் தியரி. எல்லாவற்றையும் அள்ளிக்கொட்டுவது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். நான் முதல் முறை, நிறுவனத்தில் மாற்றம் கொண்டுவர ஜான் காட்டர் சொன்ன எட்டுப் படிகளையும் வரிசையாக எழுதிவைத்தேன், அதற்கு மதிப்பெண்ணே விழவில்லை. ஒரு கேஸுக்கு ஒரு தியரி போதும், ஆனால் அது கேஸைத் திறக்க வேண்டும். கிடங்குக் கேஸுக்கு, வேலையில் ஊக்கம் எப்படி வருகிறது என்று ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் சரியாகப் பொருந்துவார். வண்டியும் ஷிப்டும் அவர் சொல்லும் சுகாதாரக் காரணிகள் (hygiene factors), அதாவது இல்லாவிட்டால் அதிருப்தி தரும் பணிச்சூழல் விஷயங்கள். திருப்பிக் கொடுத்தால் அதிருப்தி குறையும், அவ்வளவே. உற்சாகம் தானாக வந்துவிடாது. ‘வண்டி விட்டால் ஊக்கம் பெருகும்’ என்று எழுதினால், ஹெர்ஸ்பெர்க் பெயரைச் சொல்லிக்கொண்டே அவரைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பயிற்சியைத் தீர்வாகச் சொன்னால், பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் சொன்ன நாலு நிலைகளில் மூன்றாவதையும் நாலாவதையும் தொடுங்கள்: வேலை செய்யும் விதம் மாறியதா, அதனால் விளைவு மாறியதா? ‘பயிற்சி பிடித்திருந்ததா’ என்ற படிவம் முதல் நிலையோடு நின்றுவிடும்.

இந்த முறை வந்த கேஸ்களில் ஒன்று உள்விசாரணை பற்றியது. 450 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை. பொருள் திருடியதாக ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்கிறார்கள். என்ன குற்றம் என்று எழுத்தில் சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை 40 நாள் கழித்துத்தான். புகார் கொடுத்த மேனேஜரே விசாரணை அதிகாரி. 110-ஆம் நாள் டிஸ்மிஸ். அதுவரை பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியமாக (பணியிடை நீக்கக் காலத்தில் கொடுக்கும் தொகை) போயிருக்கிறது. வெளியே வந்தபோது பலரும் ‘திருட்டு என்றால் டிஸ்மிஸ் சரிதானே’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் திருடினாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. கோடு போட்டதும் மூன்று ஓட்டை தெரிந்தது. புகார்தாரரே நீதிபதியாக உட்கார முடியாது. விசாரணை சாதாரணமாக 90 நாளில் முடிய வேண்டும். தாமதம் அவரால் இல்லை என்றால் 90 நாளுக்குப் பிறகு பிழைப்பூதியம் 50 சதவீதத்திலிருந்து 75 ஆக வேண்டும். என் பரிந்துரை: வேறு அதிகாரியை வைத்துப் புதிதாக விசாரணை, அந்த 20 நாளுக்கான வித்தியாசத்தை உடனே கொடுப்பது. குற்றவாளியாகவே இருந்தாலும் அந்த மனிதருக்கு முறையான விசாரணை கிடைக்க வேண்டும். இது தேர்வுக்காகச் சொல்வதில்லை, வேலையிலும் எனக்கு இது முக்கியம்.

சட்டம் பற்றி ஒரு ஆதங்கம் இருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய 29 சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. எனக்கு வந்த பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பணம் கட்டிப் படிப்பவரிடம் பழைய சட்டத்தின் வரம்புகளைக் கொடுப்பது நியாயமில்லை. நான் தனியாக உட்கார்ந்து எடுத்த குறிப்புகளில் கேஸ்களுக்கு உதவியவை இவை:

- தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 பேராக இருந்தது, இப்போது 300.
- ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுதிறன் நிதியில் (வேறு வேலைக்கான திறனைக் கற்க உதவும் நிதி) 15 நாள் ஊதியம். இது வழக்கமான இழப்பீட்டுக்கு மேல்.
- ராஜினாமாவோ நீக்கமோ, ஊதியக் கணக்கை 2 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும்.
- ஊதியத்தில் சேராத படிகள் (அலவன்ஸ்) மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்காகும்.

கிராஜுவிட்டியை (பணிக்கொடை) கையால் போட்டுப் பழகுங்கள். ஆபீசில் சாஃப்ட்வேரே போட்டுவிடும் என்பதால் முதல் முறை எனக்கு வாய்பாடு நினைவுக்கு வரவில்லை. கடைசி மாத ஊதியம் 26,000, சேவை 11 வருடம் 7 மாதம் என்றால், ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 12 வருடம். 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, 12-ஆல் பெருக்கினால் 1,80,000.

எப்படிப் பயிற்சி எடுத்தேன் என்று கேட்கிறார்கள். காலையில் அரை மணி நேரம், பழைய தாள்களிலிருந்து 19 கேஸ். முழு விடை எழுதியது நாலுக்குத்தான். மற்றவற்றுக்குத் தேதிக்கோடும், கீழே ‘உண்மையான பிரச்சினை இது’ என்று இரண்டு வரியும் மட்டும். கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் நாலு தீர்வு சொல்ல ஆரம்பித்தால் நான் பிரச்சினையைத் தவறவிட்டுவிடுவேன். உங்களுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள், ஆனால் கோட்டைத் தனியாகப் போட்டுவிட்டுப் பேச உட்காருங்கள்.

அப்புறம், சில துண்டுக் குறிப்புகள்:

- பரிந்துரை ஒவ்வொன்றிலும் யார் செய்வார், எப்போதுக்குள், எவ்வளவு செலவு. மூன்றும் எழுத முடியாத பரிந்துரையை அடித்துவிடுங்கள்.
- மாற்று வழி இரண்டு கொடுத்து, ஒன்றை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி.
- ‘தகவல்தொடர்பு இடைவெளி’ என்று மட்டும் எழுதாதீர்கள். யார் யாரிடம் எதைச் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.
- உங்கள் ஆபீசை முழுக்க மறந்துவிட்டு எழுதுங்கள்.

இந்த முறையும் தேறாதவர்கள், கடைசித் தேதிக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மறுமதிப்பீடு வேண்டுமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். நகல் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் முதலில் கேள்வித்தாளை எடுத்து, அதே கேஸுக்கு ஒரு கோடு போடுங்கள். பிறகு நீங்கள் எழுதிய முதல் பத்தியைப் படித்துப் பாருங்கள்.