வாய்விட்டு யோசிப்பவரும் மனதுக்குள் யோசிப்பவரும்

மேடமிடம் ஒன்றைக் கேட்டால், கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். பாதி சொல்லும்போதே "இல்ல சார், அப்படி வேணாம், இப்படிச் செய்யலாம்" என்று மாற்றிக்கொள்வார். மூன்றாவது வாக்கியத்தில்தான் அவருடைய முடிவு என்னவென்று அவருக்கே தெரியும். கேஷியரிடம் கேட்டால் "பாக்குறேன் சார்" என்று ஒரு வார்த்தை. அதோடு ஆள் குனிந்துவிடுவார். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது என் மேஜை அருகே நின்று, "காலைல கேட்டீங்களே..." என்று தொடங்குவார். அந்தப் பதிலில் திருத்த ஒன்றும் இருக்காது.

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரின் வங்கிக் கிளையில் நான் மேலாளராக இருந்தபோது இவர்கள் இருவரும் என்னோடு வேலை பார்த்தார்கள். வேறு வேறு ஊர்களில், வேறு வேறு முகங்களோடு இதே இருவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு தெளிவாக எதிரெதிரே அமைந்தது அந்தக் கிளையில்தான்.

மாலையில் கணக்கு முடிக்கும்போது அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கையில் இருக்கும் பணமும் கணினி காட்டும் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பணம் குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்துதான் போட வேண்டும். அப்படி ஒரு மாலை 9,000 ரூபாய் இடித்தது. மேடம் உடனே எழுந்துவிட்டார். காலையிலிருந்து யார் யார் வந்தார்கள், யார் என்ன கேட்டார்கள், எந்த நேரத்தில் கூட்டம் நெருக்கியது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வவுச்சர் கட்டைப் புரட்டினார். பக்கத்தில் இருப்பவர்களையும் பேசவைத்தார். "அந்த உரக்கடைக்காரர் வந்தப்போ நீங்கதானே இருந்தீங்க?" என்று என்னையும் இழுத்தார். கேஷியர் அசையவில்லை. ஒரு துண்டுத் தாளில் 9,000 என்று எழுதி, அதை ஒன்பதால் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்கி வேலையில் பழகியவர்களுக்கு அது எதற்கென்று தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். 45,000 என்பது 54,000 ஆகியிருந்தால் சரியாக 9,000 இடிக்கும். வித்தியாசம் இரட்டைப்படை என்றால், அதில் பாதித் தொகையுள்ள பதிவு ஒன்று வரவுக்குப் பதில் பற்றில் போயிருக்கிறதா என்று தேடுவோம். கேஷியர் அந்த வழியில் போய், இடம் மாறினால் 9,000 வரக்கூடிய வவுச்சர்களை மட்டும் பிரித்து எடுத்தார். உரக்கடைக்காரருடைய வவுச்சர் அதில் இருந்தது. மேடம் ஆளை நினைவில் வைத்துத் தேடினார், கேஷியர் எண்ணை வைத்துத் தேடினார். இருவரும் வந்து சேர்ந்தது ஒரே தாளில். எனக்கு அது மிகவும் பிடித்த மாலை.

கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தால் யாருமே அப்படித்தான் ஆகிவிடுவார்கள், கைக்காசு போய்விடும் என்ற பயம் வாயை அடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நானும் அதை யோசித்திருக்கிறேன். ஆனால் வங்கியில் ஒருவரை ஒரே இருக்கையில் நெடுநாள் விடுவதில்லை, வேலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவர்களை இடம் மாற்றியபோது மேடம் கேஷில் உட்கார்ந்து நோட்டை எண்ணிக்கொண்டே பேசினார். எண்ணிக்கை ஒருநாளும் தவறவில்லை. கேஷியர் விசாரணைக் கவுன்டருக்குப் போயும் அதே "பாக்குறேன்" தான். இருக்கை மாறியது, ஆள் மாறவில்லை.

சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் இந்த இருவகை மனப்போக்கைப் பற்றி விரிவாக எழுதினார். கவனமும் ஆர்வமும் வெளியே, மனிதர்களையும் நிகழ்வுகளையும் நோக்கிப் போவது ஒன்று. உள்ளே திரும்புவது இன்னொன்று. பின்னால் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் அதற்கு உடல் சார்ந்த ஒரு விளக்கம் தந்தார். உள்முகமானவரின் மூளை இயல்பிலேயே அதிக விழிப்பில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சத்தமும் கூட்டமுமே அவருக்கு மிகுதியாகிவிடுகிறது; வெளிமுகமானவருக்கோ அந்த அளவு விழிப்பை எட்டவே வெளியிலிருந்து தூண்டுதல் வேண்டும் என்றார். பிற்கால ஆய்வுகள் அதை முழுமையாக உறுதிசெய்யவில்லை. பெரும்பாலான மனிதர்கள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கோதான் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் கவுன்டர்களைப் பார்த்தவருக்கு ஐசென்க் சொன்னதன் பொருள் புரியும். கூட்டம் கூடக் கூட மேடத்தின் முகம் மலரும். கேஷியரின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். கூச்சமோ பயமோ காரணம் இல்லை. பயந்த மனிதர் தணிக்கை அதிகாரியிடம் "இந்தப் பதிவு தப்பு சார்" என்று நேருக்கு நேர் சொல்ல மாட்டார். இவர் சொல்லியிருக்கிறார்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அடுத்த நாள் வங்கிகள் திறக்கவில்லை. 10ஆம் தேதி காலை நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. சம்பா நடவுக் கூலி கொடுக்க வேண்டியவர்கள், கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள், அரிசிப் பானையில் ஒளித்துவைத்திருந்த பாட்டிகள். 14ஆம் தேதி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதுவரை கூட்டுறவுச் சங்கத்தை நம்பியிருந்த விவசாயிகளும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

அந்த நாட்களில் மேடம் மட்டும் இல்லையென்றால் கண்ணாடி உடைந்திருக்கும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவர் கவுன்டரை விட்டு வெளியே போய் வரிசையோடு நின்றார். நோட்டு மாற்ற வந்தவர், கணக்கில் போட வந்தவர், எடுக்க வந்தவர் என்று பிரித்தார். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தம் போட்ட ஓர் இளைஞரிடம், "தம்பி, அந்தப் பெரியம்மா காலைலேருந்து நிக்குறாங்க, ஒரு நாற்காலி எடுத்துப் போடேன்" என்றார். அவன் போட்டான். அதன்பிறகு அவனே வரிசையை ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டான்.

கேஷியர் அதே நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தும் அதைச் சில்லறை மாற்ற ஊரில் இடமில்லை. நாற்று நட்ட பெண்ணுக்கு 2000 ரூபாய்த் தாளைக் கொடுத்து என்ன செய்வது? மளிகைக்கடைக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் கணக்கில் போடும் 100 ரூபாய் நோட்டுகளை அவர் முதல் நாளிலிருந்தே தனியாகக் கட்டி வைத்துக்கொண்டு வந்தார். கூலி கொடுக்க வந்தவருக்கும் முதியவருக்கும் அந்தக் கட்டிலிருந்து போனது. என்னிடம் அனுமதி கேட்டபோது திட்டம் முழுவதும் ஒரு தாளில் இருந்தது, யாருக்கு எவ்வளவு என்பது உட்பட.

விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. நோட்டு மாற்றும் உச்சவரம்பு 4,000 என்றார்கள், 4,500 ஆனது, பின் 2,000 ஆகக் குறைந்தது, 24ஆம் தேதியோடு மாற்றுவதே நின்றது. நடுவில் விவசாயிகள் வாரம் 25,000 எடுக்கலாம் என்று அறிவிப்பு. தொலைக்காட்சியில் வந்ததும் மேடம் வரிசைக்கு அந்த நல்ல செய்தியைச் சொல்லிவிட்டார். கேஷியர் சுற்றறிக்கை வரும்வரை காத்திருந்து, கடைசி வரிவரை படித்துவிட்டு, "கே.ஒய்.சி. முடிஞ்ச கணக்குக்குத்தான் மேடம்" என்றார், அதாவது அடையாளச் சான்று கொடுத்துச் சரிபார்த்த கணக்குக்கு மட்டும். மேடத்துக்கு முகம் சுருங்கியது. ஆனால் அரை மணி நேரத்தில் வெளியே மேஜை போட்டு ஆதார் நகல் வாங்க ஆரம்பித்துவிட்டார். இப்படி ஒருவர் முன்னே ஓடுவதும் இன்னொருவர் பிடித்து நிறுத்துவதுமாகத்தான் அந்த மாதம் நகர்ந்தது. இடையில் கோபதாபம் இருந்தது. "இவரு எதுக்கெடுத்தாலும் பிரேக் போடுறாரு சார்" என்று ஒருவர் வருவார். மற்றவர் வந்து சொல்ல மாட்டார், டீயை மட்டும் தனியாகப் போய்க் குடிப்பார். அவருடைய கோபம் அதில்தான் தெரியும்.

எனக்கு ஆறாத வருத்தம் மதிப்பீட்டு அறிக்கை பற்றியது. ஆண்டுதோறும் மேலாளர் நிரப்பும் அந்தப் படிவத்தில் தொடர்புத் திறன், முனைப்பு, தலைமைப் பண்பு என்று இடங்கள் இருந்தன. கேட்டபிறகு யோசிப்பது, கடைசி வரிவரை படிப்பது, தனியாகக் கட்டி வைப்பது இவற்றுக்கு இடமில்லை. மண்டலக் கூட்டங்களிலும் அப்படித்தான். மைக் கையில் வந்ததும் பேசுகிறவர் திறமைசாலி. நாளைக்குச் சொல்கிறேன் என்பவர் தயாராக வராதவர். கேஷியர் போன்றவர்கள் பதவி உயர்வு நேர்காணலில் பத்து நிமிடத்தில் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்கும் அவர்கள் பார்க்கப்போகும் வேலைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

ஆடம் கிராண்ட் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பீட்சா விநியோக நிறுவனத்தின் கிளைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இதைப் பற்றியதுதான். ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்கிறவர்களாக இருந்த கடைகளில் வெளிமுகமான மேலாளரிடம் லாபம் கூடியது. ஊழியர்கள் தாங்களே யோசனை சொல்கிறவர்களாக இருந்த கடைகளிலோ உள்முகமான மேலாளர் இருந்தால்தான் கூடியது. அவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதே காரணம். எங்கள் கிளையில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஆய்வைப் படித்தபோது, என் கேஷியரை ஒரு கிளைக்கு மேலாளராக்கி, மேடத்தை அங்கே துணைக்கு வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னால் முடிந்தது சின்ன ஏற்பாடுதான். ஊழியர் கூட்டத்தில் பேசப்போவதை முதல்நாள் மாலையே தாளில் எழுதி எல்லோர் மேஜையிலும் வைத்தேன். மறுநாள் கேஷியரின் தாள் பின்பக்கம் நிறைந்து திரும்பி வந்தது. கூட்டத்தில் அதை நான் படிப்பேன், மேடம் அங்கேயே அதில் ஓட்டை கண்டுபிடிப்பார், கேஷியர் ஒரே வரியில் அடைப்பார். நகைக்கடன் மீட்பு நாட்களில் டோக்கனை இரண்டு நிறமாகப் பிரித்தது அப்படி உருவான யோசனைதான்.

இப்போது மூவருமே ஓய்வில் இருக்கிறோம். பழைய கிளைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓய்வூதியம் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் மேடம் உடனே குரல் பதிவில் பதில் சொல்லிவிடுவார். கேஷியரின் பதில் மறுநாள் காலை, சுற்றறிக்கை எண்ணோடு, எழுத்தில் வரும். அதற்கும் மேடம் ஒரு குரல் பதிவு போடுவார்: "அதைத்தான் சார் நானும் நேத்து சொல்ல வந்தேன்."