நேஷனாலிட்டி கட்டம்

சீல் அடிக்கிற வேலை மூணு நாள் ஓடுச்சு. வெளிநாட்டுல அச்சடிச்ச அட்லஸ், 840 காப்பி, ஒவ்வொண்ணுலயும் இந்தியா வர்ற பக்கம் மூணு. காஷ்மீர புள்ளிக்கோடா விட்டிருந்தான், அக்சாய் சின்னுக்கு தனி கலரு. இதுல காட்டியிருக்கற எல்லை சரியானதும் இல்ல, அதிகாரபூர்வமானதும் இல்லன்னு இங்கிலீஷ்ல ஒரு ரப்பர் சீல், அத மேப்பு மேலயே அடிக்கணும். மாதவரம் குடோன்ல ஃபேன் போட்டா பக்கம் புரளுது, போடலன்னா வேர்வை சொட்டி இங்க் ஊறுது.

என்கூட உக்காந்து அடிச்சது காவாங்கரை இலங்கை அகதி முகாம் பையன். லோடு இறக்க வந்தவன், கை சுத்தமா இருக்குன்னு நான்தான் கூப்ட்டு உக்கார வச்சேன். எங்ககிட்ட "இன்னாண்ணே, முட்சிட்டியா"ன்னு பேசுவான், அம்மா போன் பண்ணா "ஓம் அம்மா, வாறன்"னு சட்டுனு வேற ஆளா ஆயிருவான். முதல் நாள் எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு.

ரெண்டாவது நாள் ஆப்பிரிக்கா பக்கத்த புரட்டிட்டு, மொராக்கோவுக்கு கீழ சாம்பலா ஒரு துண்டு இருக்குல்ல, அதுக்கு ஏன் கலர் அடிக்கலன்னு கேட்டான். எனக்கு இந்த மாதிரி விஷயம் கெடச்சா போதும். மேற்கு சஹாரா, ஸ்பெயின்காரன் வச்சிருந்தது, 1975ல உலக கோர்ட்டு அந்த மக்களே முடிவு பண்ணணும்னு சொல்லுச்சு, அடுத்த மாசமே மொராக்கோ லட்சக்கணக்குல ஆள அனுப்பி உள்ள நடக்க விட்டுச்சு, 1991ல ஐநா வந்து வாக்கெடுப்பு நடத்துறேன்னுச்சு இன்னைக்கு வரைக்கும் நடத்தல, நம்ம இந்தியாவே 1985ல அத தனி நாடா ஏத்துக்கிட்டு 2000ல வாபஸ் வாங்கிருச்சுன்னு மூச்சு விடாம சொன்னேன். அதோட விட்டேனா, இந்த சீலுக்குப் பின்னாடி இருக்கற 1961 சட்டம், சர்வே ஆஃப் இந்தியான்னு கவர்மெண்ட் ஆபீஸ் போடற மேப்புக்கு மாறா வெளியிட்டா ஆறு மாசம் வரைக்கும் உள்ள போலாம், ஆனா அந்த ஆபீஸே கிழக்கிந்திய கம்பெனிக்காரன் 1767ல ஆரம்பிச்சது, 1802ல நம்ம பரங்கிமலைகிட்டதான் லாம்டன்னு ஒரு வெள்ளக்காரன் சங்கிலி போட்டு அளந்தான், எவனோ இழுத்த கோட்டுக்கு நாம சீல் அடிச்சினு கெடக்கறோம்னு ஒரே லெக்சர். அவன் கேட்டுக்கினே அடிச்சான். ஒரு சீல் கூட கோணல் இல்ல.

சாப்பாட்டு நேரத்துல அவன் கதையும் வந்துச்சு. பாட்டனுக்கு பாட்டன் புதுக்கோட்டை பக்கம், வெள்ளக்காரன் காலத்துல தேயிலைக்கு போனவங்க. சிலோனுக்கு சுதந்திரம் வந்த 1948லயே அந்த ஜனத்துக்கு குடியுரிமை போச்சு. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு 5,25,000 பேரு சிலோனுக்கு 3 லட்சம் பேருன்னு பிரிச்சாங்க, எங்க போறன்னு அந்த ஜனத்த ஒரு வார்த்த கேக்கல. இவன் குடும்பம் எந்தக் கணக்குலயும் சேராம கலவரத்துக்கு பயந்து வன்னிக்கு எறங்கி, 1990ல படகேறி மண்டபம் வந்து, அங்கேர்ந்து புழல் காவாங்கரை முகாம். இவன் பொறந்தது இங்க, 2001ல.

மூணாவது நாள் காண்ட்ராக்டர் ஃபாரம் குடுத்தாரு, கேட் பாஸுக்கு. நேஷனாலிட்டின்னு ஒரு கட்டம். "இன்னாண்ணே போடறது இதுல?"ன்னு எங்கிட்ட நீட்டுனான்.

"காலியா வுடு" அப்டின்னேன்.

ஒரு செகண்ட் பாத்தான். "சீல வேணா அடிச்சுறவாண்ணே?"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

இதுல என்ன தப்புன்னு நானே எனக்கு பல தடவ வாதாடிட்டேன். இந்தியன்னு போட்டா பொய்யாயிரும், 1987 ஜூலைக்கு அப்புறம் பொறந்தவனுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 2019 குடியுரிமை சட்டத் திருத்தத்துலயும் இலங்கை பேரு கெடையாது. இலங்கைன்னு போட்டா அந்த ஊரு மண்ண அவன் மிதிச்சதே இல்ல, அதுவும் ஒரு வகைல பொய்தான், அதோட காண்ட்ராக்டர் அன்னைக்கே அனுப்பிருப்பாரு. காலியா விட்டா யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நல்லதுக்குதான் சொன்னேன். ஆனா "நீ இன்னா போடணும்னு நெனக்கிற?"ன்னு ஒரு வார்த்த நான் கேக்கவே இல்ல. எங்கயோ சஹாராவுல வாக்கெடுப்பு நடக்கலன்னு அவ்ளோ ஆத்திரப்பட்டவன்.

அதையும் விடுங்க. சாயந்திரம் ஃபாரம் திரும்பி வந்துச்சு. இத யாரு காலியா விடச் சொன்னதுன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. "தெரியல சார், பையன் மறந்துட்டான் போல"ன்னேன். வாய்ல தானா வந்துச்சு, யோசிச்சு சொன்னதில்ல, ஒருவேள யோசிச்சிருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேனோ என்னவோ, எனக்கும் அப்ப வேலை நிரந்தரம் ஆகல. அவன் ஷட்டர்கிட்ட கை கழுவிட்டு நின்னான், இங்க் போகாம தேய்ச்சுக்கினே இருந்தான். காதுல விழுந்துச்சா இல்லயான்னு இன்னைக்கும் தெரியல. மறுநாள்லேர்ந்து வரல. அனுப்பிட்டாங்களா அவனா நின்னுட்டானான்னு நானும் விசாரிக்கல.

போன மாசம் காவாங்கரை சிக்னல்ல பாத்தேன். பெயிண்ட் பக்கெட்ட நடுவுல வச்சுக்கினு இன்னொருத்தன் வண்டில பின்னாடி உக்காந்திருந்தான், சட்டையெல்லாம் வெள்ளத் தெறிப்பு. என்னப் பாத்து "அண்ணே!"ன்னு கை தூக்குனான், நல்லா சிரிச்சான். அப்ப காதுல விழலன்னுதானே அர்த்தம்? நான் ஹெல்மெட்ட கழட்டறதுக்குள்ள பின்னாடி லாரிக்காரன் ஹாரன அமுக்கிட்டான்.