அம்மிச்சியும் மெக்டாகர்ட்டும்

காலம் உண்மையல்ல என்று 1908-ல் மெக்டாகர்ட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வாதிட்டதைப் பெருந்துறை பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நிகழ்வும் எதிர்காலம், நிகழ்காலம், இறந்தகாலம் மூன்றுமாக இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஆகவே முரண்பாடு என்கிறார். 'ஒன்றன்பின் ஒன்றாகத்தானே ஐயா?' என்றால், 'அந்தப் பின் என்பதே காலம்தானே, அதைத்தானே நிரூபிக்கச் சொன்னேன்' என்று மடக்குகிறார். பொல்லாத மனிதர். பாதித் தூக்கம் போய்விட்டது.

காலையில் வாசலில் அவித்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அம்மிச்சி ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்தார். டக்கென்று முறியவில்லை, வளைந்தது. "இன்னும் நான்கு நாள் காய வேண்டும்" என்றார்.

மெக்டாகர்ட் கதையைச் சொன்னேன்.

"அப்படியானால் இன்றைக்கே மண்டிக்கு ஏற்றிவிடலாமா, கண்ணு?"